விளையாட்டரங்குகளும் கரியமில வாயுவும்: ஹைதராபாத் நகரின் கணக்கு

ஒரு நகரத்தின் செழிப்பையும் ஊக்கத்தையும் எடுத்துக்காட்டும் சின்னங்களுள் பெரிய விளையாட்டரங்கு முதன்மையானதாகக் கருதப்படுகிறது. பல்லாயிரம் மக்கள் ஒரே வேளையில் ஓரிடத்தில் அமர்ந்து மகிழும் காட்சி, எந்த நகரத்தாருக்கும் பெருமிதம் தருவதே. ஆகவே, இருக்கும் அரங்குகளோடு இன்னொன்று வேண்டும் என்ற விருப்பம் நகரங்களில் அவ்வப்போது எழுவதில் வியப்பில்லை. ஹைதராபாத் நகரின் தென்புறத்தில் திட்டமிடப்பட்டுவரும் புதிய நகரப் பகுதியில் பன்னாட்டுக் கிரிக்கெட் அரங்கு ஒன்றை எழுப்பும் எண்ணத்தை மாநில அரசு 2024 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன் செலவு, இடம், இருக்கைகளின் எண்ணிக்கை ஆகியவை பற்றிப் பலரும் பேசுவர். அவ்வரங்கு காற்று மண்டலத்தில் எவ்வளவு கரியமில வாயுவைச் சேர்க்கும் என்ற கேள்வியும் அவற்றோடு சேர்த்துக் கேட்கத் தக்கதாகும்.

ஒரு பொருளாலோ செயலாலோ, அதன் தொடக்கம் முதல் முடிவு வரையில், நேராகவும் மறைமுகமாகவும் வெளிப்படும் கரியமில வாயு, மீதேன் முதலிய வெப்பங்காக்கும் வாயுக்கள் யாவற்றையும் கரியமில வாயுவின் எடையாக மாற்றிக் கூட்டிச் சொல்வதைக் கரிமத் தடம் என்பர். விளையாட்டரங்கின் கரிமத் தடத்தில் மூன்று பகுதிகள் உள்ளன. போட்டி நாட்களில் செலவாகும் மின்சக்தி ஒன்று. அரங்கைக் கட்டுவதற்குச் செலவான சிமெண்டு, உருக்கு முதலியன மற்றொன்று. காண வருவோரின் பிரயாணம் மூன்றாவது. இம்மூன்றில் மக்கள் கண்ணுக்கு முதலில் தென்படுவது எதுவோ அதுவே அளவில் மிகச் சிறியது. இவ்வுண்மையை உணராமல் எடுக்கப்படும் முடிவுகள் பயன் தரமாட்டா.

விளக்கொளியின் பங்கு

இரவுப் போட்டியில் அரங்கைச் சூழ நிற்கும் உயரமான கம்பங்களில் நூற்றுக்கணக்கான விளக்குகள் எரிவதைக் காண்போர், மின்சக்தியின் பெரும் விரயம் இதுவே என்று எண்ணுவது இயல்பு. கணக்கிட்டுப் பார்ப்போம். 2 கிலோவாட் திறனுள்ள பழைய வகை உலோக ஹாலைடு விளக்குகள் 500 எரிவதாகக் கொள்வோம். மொத்தத் திறன் 1,000 கிலோவாட். ஐந்து மணி நேரம் எரிந்தால் 5,000 யூனிட் மின்சாரம் செலவாகும். நிலக்கரியே பெரும்பான்மையாகப் பயன்படும் நம் நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படுகிறது. ஆகவே ஓர் இரவின் விளக்கொளிக்கு உரியது மூன்றரை டன். பெருந்திரைகள், குளிர்பதன அறைகள், நீரிறைக்கும் பம்புகள், சமையற்கூடங்கள் ஆகியவற்றுக்கும் அதே அளவு செலவாகும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஏழு டன்னுக்கு மேற்படாது. தொலைக்காட்சி ஒளிபரப்பு தடைப்படக் கூடாதென்று டீசல் யந்திரங்களைக் கொண்டு விளக்கேற்றும் வழக்கமும் உண்டு. அவற்றாலும் யூனிட்டுக்கு வெளிப்படும் வாயு ஏறக்குறைய இதே அளவுதான். ஆயினும் அக்கம்பக்கத்தில் வாழ்வோர் சுவாசிக்கும் புகை வேறு கணக்கு. எல்.ஈ.டி. விளக்குகளுக்கு மாறினால் விளக்கொளியின் பங்கு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அது விரும்பத்தக்க மாற்றமே. ஆயினும் அதோடு கடமை முடிந்தது என்று எண்ணுதல் பிழையாகும்.

கட்டடத்தில் உறைந்த கரி

சிமெண்டு உற்பத்தியில் கரியமில வாயு இரு வழிகளில் வெளிப்படுகிறது. உலையை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வரையில் சூடேற்றுவதற்கு எரிக்கப்படும் நிலக்கரியால் ஒரு பகுதி வருகிறது. அதனினும் பெரிய பகுதி மூலப் பொருளான சுண்ணாம்புக் கல்லிலிருந்தே வருகிறது. 100 கிலோகிராம் தூய சுண்ணாம்புக் கல் சூட்டினால் சிதையும்போது 44 கிலோகிராம் கரியமில வாயு பிரிகிறது. எவ்வளவு தூய எரிபொருளைக் கொண்டு உலையை எரித்தாலும் இந்த 44 கிலோகிராம் குறைவதில்லை. அது இரசாயன விதி. உருக்கின் நிலையும் இத்தகையதே. இரும்புத் தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க நிலக்கரியின் கரியே கருவியாகிறது. நம் நாட்டில் ஒரு டன் உருக்குக்கு ஏறத்தாழ இரண்டரை டன் கரியமில வாயு வெளிப்படுகிறது. உலக சராசரி இதனினும் குறைவு.

உதாரணத்துக்காக, 50,000 கன மீட்டர் கான்கிரீட்டும் 6,000 டன் உருக்கும் கொண்டு எழுப்பப்படும் ஓர் அரங்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 300 கிலோகிராம் என்று கொண்டால் கான்கிரீட்டுக்கு 15,000 டன். உருக்குக்கு மற்றொரு 15,000 டன். ஆக மொத்தம் 30,000 டன் கரியமில வாயு. இந்தியர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக இரண்டு டன் அளவில் வெளிப்படுகிறது என்பதை நினைவிற் கொண்டால், அவ்வரங்கில் முதல் பந்து வீசப்படுமுன்பே 15,000 மக்களின் ஓராண்டுப் பங்கு காற்றில் கலந்துவிட்டது என்பது விளங்கும்.

அரங்கு ஐம்பது ஆண்டு நிலைக்கும் என்று வைத்து இதனைப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 600 டன். ஆண்டில் பன்னிரண்டு பெரிய போட்டிகள் மட்டுமே அங்கு நடைபெறுமாயின், போட்டி ஒன்றுக்கு 50 டன். அதே அரங்கு பள்ளி மாணவர் பயிற்சி, உள்ளூர்ப் பந்தயங்கள், பொது நிகழ்ச்சிகள் எனப் பல வகையில் ஆண்டில் 120 நாட்கள் பயன்படுமாயின், நாளொன்றுக்கு 5 டன். செங்கல்லும் இரும்பும் மாறவில்லை. பயன்பாடு மட்டுமே மாறியது. இவ்வாறு ஆண்டுகளுக்குப் பகிர்வது கணக்கின் வசதிக்காகவே என்பதையும் மறத்தலாகாது. காற்று மண்டலம் தவணை முறையில் வாங்குவதில்லை. கட்டடம் எழும் ஓரிரு ஆண்டுகளிலேயே முழுத் தொகையையும் ஏற்றுக்கொள்கிறது.

கூட்டத்தின் பிரயாணம்

மூன்றாவது பகுதி அரங்கின் மதிலுக்கு வெளியே நிகழ்வதால் பெரும்பாலும் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. 36,000 பேர் ஒரு போட்டியைக் காண வருகின்றனர் என்றும், அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் இருவருக்கு ஒன்றாக 6,000 மோட்டார் சைக்கிள்களிலும், மற்றொரு பங்கினர் மூவருக்கு ஒன்றாக 4,000 கார்களிலும், எஞ்சியோர் ரயிலிலும் பஸ்ஸிலும் வருகின்றனர் என்றும் கொள்வோம். போகவர 30 கிலோமீட்டர் தூரம். மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 45 கிலோமீட்டரும் கார் 15 கிலோமீட்டரும் ஓடுமாயின், முன்னவற்றுக்கு 4,000 லிட்டரும் பின்னவற்றுக்கு 8,000 லிட்டரும் பெட்ரோல் செலவாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு உண்டாகிறது. 12,000 லிட்டருக்கு ஏறத்தாழ 28 டன். போட்டியின் மொத்த மின்சாரச் செலவைப் போல் நான்கு மடங்கு. வெளியூர்களிலிருந்து ஆகாய விமானத்தில் வருவோரையும் சேர்த்தால் தொகை மேலும் உயரும். சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு விமானத்தில் வந்து திரும்பும் ஒருவரின் பங்கு மட்டுமே 100 கிலோகிராம் அளவினது.

ஆண்டில் பன்னிரண்டு நாட்கள் மட்டும் பயன்படும் அரங்கில் போட்டி ஒன்றின் கணக்கு இப்போது முழுமையாகிறது. கட்டடத்துக்கு 50 டன், பிரயாணத்துக்கு 28 டன், மின்சாரத்துக்கு 7 டன். மொத்தம் 85 டன்னில் மின்சாரத்தின் பங்கு நூற்றுக்கு எட்டு. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்னும் பழமொழி இங்கு நன்கு பொருந்தும்.

ஹைதராபாத்தின் மூன்று அரங்குகள்

இக்கணக்கைக் கையிற் கொண்டு ஹைதராபாத் நகரின் மூன்று பெரிய அரங்குகளை நோக்குவோமாயின், நகரம் தன் அனுபவத்திலேயே கற்க வேண்டிய பாடங்கள் உள்ளன என்பது புலனாகும்.

முதலாவது, நகரின் நடுவிலுள்ள லால் பகதூர் சாஸ்திரி அரங்கு. 1687 இல் கோல்கொண்டாக் கோட்டை வீழ்ந்த காலத்து மொகலாயப் படை தங்கியிருந்த வெளி என்று சொல்லப்படும் பதே மைதானமே 1967 இல் இப்பெயர் பெற்றது. 1955 நவம்பரில் நியூஸிலாந்து அணியை எதிர்த்து இங்கு நடந்த டெஸ்ட் பந்தயத்தில் பாலி உம்ரிகர் 223 ஓட்டங்கள் எடுத்து, டெஸ்ட் பந்தயத்தில் இரட்டைச் சதம் கண்ட முதல் இந்தியரானார். 2003 நவம்பரில் நியூஸிலாந்து அணியோடு ஆடிய ஒருநாள் போட்டிக்குப் பின் பன்னாட்டுக் கிரிக்கெட் இவ்விடத்தை விட்டு அகன்றது. எனினும் அரங்கு வாளாவிருக்கவில்லை. நகர மக்கள் நடந்தும் பஸ்ஸிலும் வந்து சேரத்தக்க இடத்தில் இருப்பதால் விளையாட்டுப் பயிற்சிக்கும் அரசு விழாக்களுக்கும் பயன்பட்டு வருகிறது. 2023 டிசம்பரில் மாநில அமைச்சரவை பதவியேற்றதும் இங்கேயே.

இரண்டாவது, உப்பலிலுள்ள ராஜீவ் காந்தி பன்னாட்டுக் கிரிக்கெட் அரங்கு. 2005 நவம்பர் 16 ஆம் நாள் தென்னாப்பிரிக்க அணியோடு நடந்த ஒருநாள் போட்டியே இதன் முதல் பன்னாட்டுப் போட்டி. நகரின் நடுவிலிருந்து கிழக்கு எல்லைக்கு விளையாட்டு இடம் மாறியபோது, கூட்டத்தின் பிரயாண தூரமும் உடன் மாறியது. மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 2017 நவம்பரில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் ரசிகர்கள் பஸ்களையும் சொந்த வாகனங்களையும் நம்பியே வந்தனர். இன்று நாகோலிலிருந்து ராயதுர்கம் செல்லும் பாதையில் ‘ஸ்டேடியம்’ என்ற பெயருடனேயே ஒரு நிலையம் உள்ளது. போட்டி இரவுகளில் ரயில் நேரத்தை நீட்டித்த நிகழ்ச்சிகளும் உண்டு. சொந்த வாகனங்களில் வருவோரில் பாதிப்பேர் ரயிலுக்கு மாறினால் மேற்கண்ட உதாரணத்தில் போட்டிக்கு 14 டன் பெட்ரோல் புகை மிச்சமாகும். ரயிலுக்குச் செலவாகும் மின்சாரத்தைக் கழித்த பின்னரும், அரங்கின் விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டால் கிட்டும் மிச்சத்தைவிட இது அதிகம். ஆனால் ஐ.பி.எல். பருவத்தில் உள்ளூர் அணிக்கு அமையும் போட்டிகள் ஏழு; பன்னாட்டுப் போட்டிகள் ஆண்டுக்குச் சிலவே. 2023 உலகக் கோப்பையில் இவ்வரங்குக்குக் கிடைத்தவை மூன்று. அரங்கு நிரம்பும் நாட்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை என்பதே உண்மை நிலை.

மூன்றாவது, கச்சிபௌலியிலுள்ள ஜி.எம்.சி. பாலயோகி அரங்கும் அதனைச் சூழ்ந்த விளையாட்டு வளாகமும். 2002 தேசிய விளையாட்டு விழா, 2003 ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டு விழா, 2007 உலக ராணுவ விளையாட்டு விழா ஆகியவை அங்கு நடைபெற்றன. வளாகத்தின் உள்ளரங்கில் 2009 இல் உலகப் பூப்பந்துப் போட்டி நடந்தது. பின்னாளில் கால்பந்துப் போட்டிகளும் இடம்பெற்றன. ஆயினும் பெருவிழா ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள ஆண்டுகள் நீண்டவை. இவ்வளாகத்தைச் சேர்ந்த பல மாடிக் கட்டடம் ஒன்று, 2020 ஏப்ரலில், கொரோனா தொற்று பரவிய வேளையில், சில வாரங்களுக்குள் 1,500 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக மாற்றியமைக்கப்பட்டது. புதிதாகக் கட்டியிருந்தால் செலவாகியிருக்கக்கூடிய சிமெண்டும் உருக்கும் மிச்சமாயின. அவசர காலத்தில் அதனினும் அரிதான பொருளாகிய காலமும் மிச்சமாயிற்று. நிற்கும் கட்டடம் ஒன்று மறுபயன் பெறும்போது எத்துணை நன்மை விளையும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. அதே சமயம், ராயதுர்கத்தோடு நின்றுவிடும் மெட்ரோ பாதை கச்சிபௌலி அரங்கின் வாயிலை எட்டவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

உலகம் கண்ட பாடங்கள்

2012 லண்டன் ஒலிம்பிக் விழா, திட்டமிடும் கட்டத்திலிருந்தே முழுக் கரிமத் தடத்தையும் கணக்கிட முற்பட்ட முதல் ஒலிம்பிக் விழாவாகும். அங்கு எழுப்பப்பட்ட 80,000 இருக்கை அரங்கில் நிலையானவை 25,000 மட்டுமே; எஞ்சியவை கழற்றி எடுக்கத்தக்கவையாக அமைக்கப்பட்டன. கூரையின் வளையத்துக்கு, பயன்படாது கிடந்த எரிவாயுக் குழாய்கள் எடுத்தாளப்பட்டன. விழாவின் மொத்தத் தடம் ஏறத்தாழ 33 இலட்சம் டன். 2024 பாரிஸ் விழாவிலோ அரங்குகளில் நூற்றுக்கு 95 முன்பே இருந்தவை அல்லது தற்காலிகமானவை. மொத்தத் தடம் ஏறத்தாழ 16 இலட்சம் டன். லண்டனின் பாதிக்கும் குறைவு. இவ்விரு விழாக்களுக்கும் இடையே விஞ்ஞான அற்புதம் ஏதும் நிகழ்ந்துவிடவில்லை. புதிதாகக் கட்டுவதைக் குறைத்ததே முதன்மையான காரணங்களுள் ஒன்று.

2022 இல் கட்டார் நாட்டில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து விழா எதிர்மறைப் பாடம் ஒன்றைத் தருகிறது. அவ்விழாவின் தடம் 36 இலட்சம் டன் என மதிப்பிடப்பட்டது. நிலையான அரங்குகளைக் கட்டியதால் உண்டான வாயுவை அவற்றின் ஆயுட்காலத்துக்கெல்லாம் பகிர்ந்து, விழா நடந்த சில வாரங்களுக்குரிய சிறு பங்கை மட்டும் விழாவின் கணக்கில் எழுதினர். அந்நாட்டுக்கு விழாவின்றி இத்தனை அரங்குகள் வேண்டியிருக்குமா என்ற வினாவுக்கு இம்முறையில் இடமில்லை. விழா கரிமத்தில் சமநிலை எய்தியது என்ற விளம்பரம் ஆதாரமற்றது என்று ஸ்விட்ஸர்லாந்தின் விளம்பர நியாய ஆணையம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. எங்கோ மரம் நட்டு இங்கு வெளியிட்டதை ஈடுசெய்துவிட்டோம் என்று கூறும் கணக்குகளை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு.

ஓர் ஆட்சேபமும் அதன் விடையும்

அனல் மின் நிலையங்களும் சிமெண்டு ஆலைகளும் கோடிக்கணக்கான டன் வெளியிடும் நாட்டில், ஓர் அரங்கின் முப்பதாயிரம் டன்னைப் பெரிதுபடுத்துவது தகுமோ என்று சிலர் கேட்கலாம். ஏழை நாடு தன் இளைஞர்களுக்கு விளையாட்டு வசதி செய்து தருவதை விஞ்ஞானத்தின் பெயரால் தடுப்பதோ என்றும் கேட்கலாம். இரண்டும் நேர்மையான கேள்விகளே. முதலாவதற்கு விடை: மின் நிலையம் ஆண்டு முழுதும் மக்களுக்கு ஒளி தருகிறது; பயன்படாத அரங்கு எதுவும் தருவதில்லை. மேலும், அவ்வாலைகளில் தயாராகும் சிமெண்டு எங்கே போகிறது என்று தேடினால் இத்தகைய கட்டடங்களில்தான் போய் முடிகிறது. இரண்டாவதற்கு விடை: பந்தயம் பார்ப்பதற்கான ஐம்பதினாயிரம் இருக்கைகளும் சிறுவர் ஓடியாடுவதற்கான மைதானமும் ஒன்றல்ல. ஒரு பேரரங்குக்குச் செலவாகும் பொருளைக் கொண்டு நகரின் பேட்டைதோறும் புல்தரையும் ஓட்டப் பாதையும் அமைக்கலாம். அவற்றுக்கு வேண்டிய கான்கிரீட்டு சொற்பமே. விளையாட்டை வளர்ப்பதும் கரியமில வாயுவைக் குறைப்பதும் இவ்விடத்தில் ஒரே வழியில் செல்கின்றன.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பெரிய அரங்கு எதனையும் கட்டத் தொடங்குமுன், அதன் சிமெண்டு, உருக்கு, பிரயாணம், மின்சாரம் ஆகியவற்றுக்குரிய கரிமக் கணக்கைத் திட்ட அறிக்கையோடு சேர்த்து மக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். ஆண்டில் எத்தனை நாட்கள் அரங்கு பயன்படும் என்ற எதிர்பார்ப்பும் அதில் இடம்பெற வேண்டும். ஹைதராபாத்தில் எண்ணப்படும் புதிய அரங்கே இம்முறைக்குத் தொடக்கமாக அமையலாம். இருக்கும் மூன்று அரங்குகளும் எத்தனை நாட்கள் பயன்படுகின்றன என்ற பட்டியலும் அதனருகே வைக்கப்படுமாயின், புதியது தேவைதானா என்பதை மக்களே சீர்தூக்கிப் பார்ப்பர்.

இரண்டாவதாக, கட்டியே ஆக வேண்டும் என்று முடிவானால், அனல் நிலையச் சாம்பலும் ஊதுலைக் கசடும் கலந்த சிமெண்டைப் பயன்படுத்தலாம். நம் நாட்டில் இவ்வகைச் சிமெண்டு தாராளமாகவே கிடைக்கிறது. கலக்கும் அளவுக்கேற்பச் சுண்ணாம்புக் கல்லின் தேவை குறைகிறது. நிலையான இருக்கைகளை அன்றாடத் தேவைக்கு அளவாக அமைத்து, பெருவிழாக்களுக்குத் தற்காலிக மேடைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ரயில் எட்டாத இடத்தில் அரங்கு அமைத்தல் அறவே கூடாது.

மூன்றாவதாக, நுழைவுச் சீட்டையே பிரயாணச் சீட்டாகவும் கொள்ளும் ஏற்பாடு வேண்டும். சேப்பாக்கம் அரங்கின் போட்டிகளுக்காக 2023 ஆம் ஆண்டு முதல் சென்னையில் மெட்ரோ ரயிலிலோ மாநகர பஸ்களிலோ இத்தகைய ஏற்பாடு கையாளப்பட்டதுண்டு. உப்பலில் ரயில் நிலையமே அரங்கின் பெயரால் இருக்க, அங்கு இதனை நிலையான விதியாக்குவதில் பெருந்தடை இருக்க இயலாது. கச்சிபௌலிக்கு ராயதுர்கத்திலிருந்து போட்டி நாட்களில் இணைப்பு பஸ்களை ஓட்டலாம்.

நான்காவதாக, அரங்குகளின் கூரைகளைப் பற்றி ஒரு சொல். பெங்களூரின் சின்னசாமி அரங்கில் 2015 இல் 400 கிலோவாட் திறனுள்ள சூரிய மின் தகடுகள் நிறுவப்பட்டன. அவ்வளவு திறனுள்ள தகடுகள் தென்னிந்திய வெயிலில் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் யூனிட்டுக்குக் குறையாமல் உற்பத்தி செய்ய வல்லவை. அதாவது ஏறத்தாழ 350 டன் கரியமில வாயுவைத் தவிர்க்க வல்லவை. போட்டியோ இரவில், சூரியனோ பகலில். ஆயினும் நன்மை விளைகிறது. ஏனெனில் ஆடுகளத்துக்கு ஆண்டில் சில நாட்களே வேலை. கூரைக்கோ 365 நாளும் வேலை.

கூரைக்குப் பொருந்தும் இந்நியாயம் கட்டடம் முழுமைக்கும் பொருந்தும். ஒருமுறை காற்றில் கலந்துவிட்ட கரியமில வாயுவைத் திரும்பப் பெறும் எளிய வழி எதுவும் இன்று நம்மிடம் இல்லை. அதற்கு ஈடாக நாம் பெறக்கூடியது, அதனை விலையாகக் கொடுத்து எழுப்பிய அரங்கின் முழுப் பயன் ஒன்றே. ஹைதராபாத் நகர மக்கள் மூன்று அரங்குகளுக்கு அவ்விலையை முன்னரே கொடுத்துவிட்டனர். நான்காவதற்குக் கொடுக்குமுன், முதல் மூன்றிலிருந்தும் தங்களுக்கு வந்துசேர வேண்டியதைக் கேட்டுப் பெறுவது அவர்தம் உரிமையாகும்.